கிளட்ச் இல்லாத இடத்தில் குடியேறிய பேய்

பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் புழுதி எழும்பினால் காரணம் இரண்டே இரண்டுதான். ஒன்று காற்று, இல்லையென்றால் ஆட்டு மந்தை. இந்த வருஷம் சித்திரையில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. கார். அதுவும் எல்லாக் காரும் இல்லை. கிளட்ச் இல்லாத கார். ஆட்டோமேட்டிக்.

சீமைக்கருவேல முள்ளை வெட்டி எறிந்து, நாலு தூண் நட்டு, தகரம் போட்டு, தகரத்துக்கு மேலே சிவப்புக் கொடியும் கொடிக்குப் பக்கத்தில் ஒரு கேமராவும் மாட்டி, முன்னால் 'ஸ்ரீ ஆட்டோமேட்டிக் சித்தர் பீடம்' என்று போர்டு வைத்திருந்தார்கள். பேயையே விரட்டுகிறவருக்குத் திருடனைப் பார்க்கக் கேமரா எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் அங்கே எதற்கு வரப்போகிறான்?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மதுரை வண்டி, விருதுநகர் வண்டி, ராமநாதபுரம் வண்டி என்று ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசை நிற்கும். கார் இல்லாதவர்கள் அதைவிட அதிகமாக வந்தார்கள். பின்னாளில் ஒருவேளை கார் வாங்கினால் அதில் பேய் ஏறாமலிருக்க இப்போதே கயிறு கட்டிக்கொண்டு போனார்கள். முன்யோசனைக்காரர்கள்.

சித்தரின் தத்துவம் எளிமையானது.

"சாதாரணக் காருக்கு மூணு மிதி. இந்தக் காருக்கு ரெண்டு மிதி. மூணாவது மிதி இருந்த எடம் காலி. காலி மனைய வேலி போடாம விட்டா எவனாச்சும் வந்து குடிசை போட்டுருவான்ல? அதே கணக்குத்தான்யா."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு மனைத் தகராறு இருந்தது. அதனால் இந்த விளக்கம் நேராக நெஞ்சுக்குள் போய் இறங்கியது.

"கியர நீ மாத்துறியா? இல்ல. அப்ப யாரு மாத்துறா?" என்று அடுத்துக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கூட்டத்துக்கு முதுகு சில்லிட்டுப் போகும். கம்பெனிக்காரன் தானாக மாறுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான் என்ற பதில் யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும், இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்ததற்கு அந்தப் பதில் கட்டுப்படியாகாது.

பிறகு அற்புதம். காரை ஸ்டார்ட் செய்து, கியரை முன்னே போகும் இடத்தில் போட்டு, இரண்டு காலையும் எடுத்துவிடச் சொல்வார். தானே பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "வா" என்பார். கார் மெதுவாக வரும். அந்த ஜாதிக் கார் எல்லாமே பிரேக்கை விட்டால் மெதுவாக நகரத்தான் செய்யும். பால்காரர் சொன்னாலும் வரும், யாரும் சொல்லாவிட்டாலும் வரும். இரண்டடி தூரத்தில் கையை உயர்த்தி, "நில்லு" என்பார். கார் நின்றுவிடும். சாமியார்மேல் ஏற்றிவிடுவோமோ என்று பதறிப் பிரேக்கை மிதித்தது வண்டிக்காரரின் சொந்தக் கால் என்பது வண்டிக்காரருக்கே தெரியாது. அவரும் சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளுக்கும் சித்தர் பொருள் சொல்லியிருந்தார். P என்றால் பேய். R என்றால் ராட்சசி. N என்றால் நீலி. D என்றால் டாகினி. நாலு பேரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். கம்பியை அசைத்தால் ஆள் மாறுகிறார்கள்.

முக்காலமும் அறிந்தவரை உள்ளே போய்ப் பார்க்க டோக்கன் உண்டு. டோக்கன் கொடுப்பவன் சித்தரின் மச்சினன் தங்கபாண்டி. என்ன ஊர், என்ன வண்டி, என்ன குறை என்று கேட்டு நோட்டில் எழுதி, நோட்டை உள்ளே கொடுத்துவிடுவான். உள்ளே போனால் சித்தர் ஊரையும் வண்டியையும் குறையையும் அப்படியே சொல்வார். சனம் புல்லரித்துப்போகும். "நாம வாயே தொறக்கலப்பா" என்று வெளியே வந்து சொல்வார்கள், ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் வாசலில் திறந்த வாயை மறந்துவிட்டு.

அப்படிப் புல்லரித்தவர்களில் ஒருவர்தான் பாளையம்பட்டி எண்ணெய்க் கடை பொன்ராஜ்.

பொன்ராஜ் முட்டாள் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடைக்கு ஒரு லோடு கடலை வந்தால் சாக்கில் குத்தூசி ஏற்றி, உருவி எடுத்த பருப்பைக் கடித்து, ஈரம் பார்த்து, நாலு குறை சொல்லித்தான் இறக்குவார். ஒரு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்த்தே அது எந்தச் செக்கில், எத்தனை நாளைக்கு முன்னால் ஆட்டியது, எவன் எதைக் கலந்தான் என்று சொல்லிவிடுவார். அருப்புக்கோட்டை வியாபாரிகள் தகராறு வந்தால் அவர் மூக்கைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனிதர், சித்தர் சொன்னதை மட்டும் சாக்கைப் பிரிக்காமலே வாங்கிக்கொண்டார்.

கார் அவருடையது என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். ஓட்டுவது அவர் மனைவி சுபத்ரா. சுபத்ராவுக்குச் சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க முடியாது. இருபது வருஷம் எண்ணெய் டின்னோடு ஷேர் ஆட்டோவில் தொங்கி, டிரைவரிடமும் பக்கத்து சீட்டிலும் பேச்சு வாங்கிக்கொண்டுதான் எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் போய்க் கடைகளுக்கு எண்ணெய் போட்டு வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மதுரை டாக்டர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் இந்த வண்டி வந்தது. அன்றையிலிருந்து சுபத்ரா யார் முகத்தையும் பார்த்து நின்றதில்லை. நினைத்த நேரத்துக்குக் கிளம்புவாள். நினைத்த ஊருக்குப் போவாள்.

பங்குனி பிறந்த பிறகு வண்டி முரண்டு பிடித்தது. கியரைப் போட்டால் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, ஆட்டுக்கிடா முட்டின மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பும். பாதி ரோட்டில் இஞ்சின் கத்தும், வண்டி நகராது. இதையெல்லாம் கூட பொன்ராஜ் பொறுத்துக்கொண்டார். ஒரு வியாழக்கிழமை காலையில் வாசலில் போட்ட கோலத்துக்கு மேலே, வண்டி நின்ற இடத்தில், கருஞ்சிவப்பாக நாலு சொட்டுக் கிடந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

வண்டிக்கு ரத்தம் வருகிறது.

அன்றைக்கே பீடத்துக்குப் போய் டோக்கன் போட்டார். சித்தர் நோட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு, "ரத்தம் காட்டுதுல்ல?" என்றார். பொன்ராஜுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

தீர்ப்பு இப்படி வந்தது. வண்டிக்குள் இருப்பது பெண் பேய். பெண் வண்டி ஓட்டுவதைப் பார்த்து அதற்குப் பொறாமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து குழிமேல் நிறுத்திக் கெட்ட ரத்தத்தை வடிக்க வேண்டும். அதற்குப் பிறகு வண்டி ஒரு மண்டலம் பீடத்திலேயே இருக்கும். திரும்பி வந்தாலும் அந்த வீட்டுப் பொம்பளை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. தொட்டால் ஆயுசுக்கு ஆகாது. காணிக்கை தனி. விளக்கெரிக்க ரெண்டு டின் நல்லெண்ணெய், அதுவும் மரச்செக்கில் ஆட்டியது. சித்தருக்கு ஆள் பார்த்துக் கேட்கத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பொன்ராஜ் வண்டிச் சாவியைச் சாமி அறையில் கலசத்துக்குள் போட்டுவிட்டார். சுபத்ராவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தார். கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

சுபத்ரா சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. கோலத்திலிருந்து ஒரு சொட்டை விரலில் தொட்டு எடுத்துவந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் எண்ணெ மோந்து சொல்லுற ஆளு நீங்க. இதக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க."

"பேய் ரத்தத்த மோந்து பாக்கச் சொல்றியா?" என்று பொன்ராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

அவள் அந்த விரலைப் பழைய பேப்பரில் வைத்து அழுத்தினாள். நடுவில் ஒரு பொட்டு. பொட்டைச் சுற்றி எண்ணெய் ஊறிப் பரவியது. அதுவும் போதாதென்று ஒரு டம்ளர் தண்ணீரில் அடுத்த சொட்டை விட்டாள். மிதந்தது. ரத்தம் மிதக்குமா என்று கேட்டாள். மனுஷ ரத்தம் மிதக்காது, பேய் ரத்தம் எப்படியென்று யாருக்குத் தெரியும் என்று பொன்ராஜ் சொன்னார். சித்தரிடம் போய்வந்த பிறகு அவருக்கு இந்த மாதிரிப் பதில் சரளமாக வந்தது.

சுபத்ரா வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தாள். மூன்று வருஷமாக யாரும் தொடாத புத்தகம். கியர் பாக்ஸுக்குள் தனியாக ஒரு எண்ணெய் உண்டு, புதிதாக இருக்கும்போது செக்கச்செவேல் என்று இருக்கும், இத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதையும் உள்ளே இருக்கிற பில்டரையும் மாற்ற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. வண்டி ஓடியிருந்தது அதைப்போல இரண்டு மடங்கு. மதுரை டாக்டர் மனுஷனுக்குத்தான் ரத்தம் பார்ப்பார் போலிருக்கிறது, வண்டிக்குப் பார்க்கவேயில்லை.

"சரி, ஞாயித்துக்கெழம சாமியாருகிட்ட போவோம்" என்றாள் சுபத்ரா. பொன்ராஜுக்குப் போன உயிர் வந்தது. "ஆனா கோயிலுக்குப் போறதுக்கு முந்தி குளிச்சிட்டுத்தான போவோம்? சனிக்கெழம வண்டிய உள்ளயும் வெளியயும் குளிப்பாட்டிக் கூட்டிட்டுப் போவோம். அதுக்கு உங்க சாமியாரு வேணாம்னு சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தார். அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பறம் ஒண்ணு. வண்டி சுத்தமா இருந்தா அவரு பாத்ததும் சொல்லிருவாருல்ல?"

"அவுகளுக்குத் தெரியாததா" என்றார் பொன்ராஜ், கொஞ்சம் கோபத்தோடேயே. "பாத்த ஒடனே சொல்லிருவாக. வண்டியையும் திருப்பிக் குடுத்துருவாக."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு அவள் மதுரைக் கடைக்குப் போன் போட்டாள். பில்டர், பேக்கிங், பன்னிரண்டு லிட்டர் எண்ணெய் எல்லாம் அடுத்த நாளே டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கியது.

சனிக்கிழமை காலை, கடைக்குப் பின்னால் செக்குக் கொட்டகை. கூட நின்றது அழகுத்தாய். பதினைந்து வருஷமாக அந்தச் செக்கை ஓட்டுகிறவள். செக்கு மோட்டார் பழுதானால் ஆளுக்குச் சொல்லிவிடாமல் தானே கழற்றிப் பூட்டுகிறவள். தெரிந்த டிராக்டர் பட்டறையிலிருந்து இரும்புச் சாய்வு இரண்டு வாங்கி வந்திருந்தார்கள். சுபத்ரா கலசத்திலிருந்து சாவியை எடுத்துவந்து முன் சக்கரங்களை அதில் ஏற்றி நிறுத்தினாள். பின் சக்கரங்களுக்கு அடியில் அழகுத்தாய் கருங்கல்லைக் கொடுத்து, உதைத்துப் பார்த்தாள்.

பொன்ராஜின் வேலை டார்ச் பிடிப்பது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் எலுமிச்சம்பழம்.

"அண்ணாச்சி, பழத்தக் கீழ வச்சுட்டு வெளிச்சத்த இங்கிட்டுக் காட்டுங்க" என்றது வண்டிக்கு அடியிலிருந்து அழகுத்தாயின் குரல். "பேயி வந்தா நான் பாத்துக்கிருதேன். போல்ட்டுத்தான் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது."

சூடு ஆறாத வண்டி. வடிக்கிற போல்ட்டைத் திருகியதும் எண்ணெய் வாளியில் விழுந்தது. கறுப்பு. தீய்ந்த வாடை. பொன்ராஜ் மூக்கைப் பொத்தத்தான் நினைத்தார். ஆனால் அந்த மூக்கு முப்பது வருஷத் தொழில் மூக்கு. அவரைக் கேட்காமலே மோந்துவிட்டது. நாலு நாள் வடை சுட்ட சட்டி எண்ணெய் மாதிரி. காய்ந்து, கருகி, செத்துப்போன எண்ணெய். ரத்தம் இல்லை.

கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தார்.

அடியில் இருந்த தட்டைக் கழற்றினார்கள். சுற்றிலும் போல்ட்டு, ஒரு பக்கம் எண்ணெய் கசியாமல் அடைக்கிற பேக்கிங் வெடித்திருந்தது. கோலத்தில் விழுந்த சொட்டுக்கு அதுதான் வழி. தட்டுக்குள் ஒரு சின்னக் காந்தம், அதைச் சுற்றி மீசை முளைத்த மாதிரி இரும்புத்தூள். மேலே பில்டர். அழகுத்தாய் அதை உருவி வெளியே நீட்டினாள். எண்ணெய்ப் பீப்பாயின் அடியில் தேங்கும் மண்டி மாதிரி அடைத்துப்போயிருந்தது.

"மதினி, இதுக்குள்ள எண்ணெ எப்படிப் போகும்? நம்ம வடிகட்டித் துணி இப்படி இருந்தா வீசி எறிஞ்சிருப்போம்ல" என்றாள் அழகுத்தாய்.

காந்தத்தைத் துடைத்து, தட்டைக் கழுவிக் காயவைத்து, புதுப் பில்டரை அமுக்கி, புதுப் பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை ஒரே பக்கமாக முடுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்கள். வடிந்ததைக் கடை லிட்டரால் அளந்து, அந்த அளவுக்குப் புது எண்ணெயைக் கடைப் புனலாலேயே ஊற்றினார்கள். பீட்ரூட் சாறு மாதிரி இறங்கியது. சுபத்ரா ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொரு இடமாகப் போட்டுப் பார்த்தாள். பேய், ராட்சசி, நீலி, டாகினி நாலு பேரும் சத்தமில்லாமல் வந்து போனார்கள்.

பழைய எண்ணெய் ஒரே தடவையில் முழுவதும் இறங்காது; பாதி உள்ளேயே பதுங்கிக்கொள்ளும். அதனால் பந்தல்குடி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, வடித்து, மறுபடி ஊற்றினார்கள். சாயங்காலத்துக்குள் இன்னொரு தடவை. மூன்றாம் தடவை வடிந்தது கிட்டத்தட்டச் சிவப்பு. அளவு பார்க்கிற கம்பியை உருவிக் கோடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியாகச் சுபத்ரா எண்ணெய் வியாபாரத்தில் செய்கிற ஒரு காரியம் செய்தாள். டின் கைமாறும்போது ஒரு சின்னப் பாட்டிலில் மாதிரி எடுத்து, மூடி, பேப்பர் ஒட்டி, வாங்குகிறவரும் விற்கிறவரும் கையெழுத்துப் போடுவது அந்தக் கடையில் வழக்கம். பின்னால் தகராறு வந்தால் மாதிரிதான் சாட்சி. முதலில் வடிந்த கறுப்பில் ஒரு பாட்டில், இப்போது வண்டிக்குள் இருக்கிற சிவப்பில் ஒரு பாட்டில். இரண்டிலும் தேதி. வடிக்கிற போல்ட்டின்மேல் தன் நகப்பூச்சால் தட்டுவரைக்கும் ஒரு கோடு இழுத்தாள்; போல்ட்டை யார் திருகினாலும் கோடு உடையும்.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

பொன்ராஜ் போட்டார். முப்பது வருஷப் பழக்கம். பாட்டிலைக் கண்டால் கை தானாகப் போகும்.

ராத்திரி அவருக்குத் தூக்கமில்லை. வண்டி இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அப்படியானால் நாளைக்குச் சித்தர் வண்டியைப் பார்த்ததும் சிரிப்பார். 'சுத்தமாக்கிட்டுத்தான வந்திருக்க' என்பார். ஊரே கையெடுத்துக் கும்பிடும். சுபத்ராவும் கும்பிடுவாள். இதை நினைத்து நினைத்து அவர் புரண்டு படுத்தார். சித்தர் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண்டாட்டிக்கு வண்டியும் கிடைக்கும், தனக்குச் சாமியும் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். டோக்கன் தங்கபாண்டியிடம் சுபத்ரா சொன்னது இரண்டே வார்த்தை: பழைய குறைதான். அவன் எழுதிக்கொண்டான்.

வண்டியைக் குழிமேல் நிறுத்தினார்கள். சுற்றிச் சிவப்புத் துணி கட்டினார்கள். துணிக்குள்ளே, குழிக்குள்ளே, மச்சினன் தங்கபாண்டி ஒரு பித்தளைச் சொம்போடு இறங்கினான். பேய் அவனை ஒன்றும் செய்யாதாம், அவன் விரதம். வெளியே உடுக்கை அடித்தார்கள். சித்தர் வேப்பிலையை வீசிக்கொண்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார்.

பொன்ராஜ் முதல் வரிசையில் கைகட்டி நின்றார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. சொல்லிருங்க சாமி. சுத்தமா இருக்குன்னு சொல்லிருங்க.

சித்தர் பானெட்மேல் கையை வைத்தார். கண் மேலே செருகியது.

"இருக்கா" என்றார். "உள்ள உக்காந்து சிரிக்கிறா. நாப்பது வருசத்துக்கு முந்தி கெணத்துல விழுந்தவ."

பொன்ராஜ் கட்டியிருந்த கையை இறக்கினார். இருந்தாலும் விடவில்லை, ஒருவேளை பேய் வேறு, எண்ணெய் வேறாக இருக்கலாம் என்று கடைசியாக ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

துணி விலகியது. தங்கபாண்டி சொம்போடு மேலே வந்தான். சித்தர் அதை வாங்கி உயர்த்திக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். கறுப்பாக வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

"இந்த வண்டிக்குள்ள இருந்து இப்ப வடிச்ச கெட்ட ரத்தம்" என்றார் சித்தர். "கண்ணால பாத்துக்கங்க."

கிடைத்த கயிறும் அறுந்தது. பொன்ராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். சுபத்ரா கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சிவப்பு. மேலே நேற்றைய தேதி. கீழே அவர் கையெழுத்து.

அந்தப் பாட்டிலைப் பார்த்தபோது பொன்ராஜுக்குள் பக்தர் இறங்கி வியாபாரி ஏறினார். பேய் ஏறுவது எப்படியென்று அந்தக் கூட்டம் அன்றைக்குத்தான் நிஜமாகப் பார்த்தது. நேராகப் போய்த் தட்டில் ஒரு விரலை வைத்து, உள்ளங்கையில் தேய்த்து, மோந்தார்.

"சாமி, இது எங்க வண்டி எண்ணெ இல்லியே."

உடுக்கை நின்றது.

"இது லாரி இஞ்சின்ல வடிச்ச ஆயிலு. டீசல் வாட அடிக்குது. எங்க வண்டி பெட்ரோலு. அதுவும் கியர் பாக்ஸுக்குள்ள எந்தப் பெட்ரோலும் போகாது, டீசலும் போகாது." விரலைத் தட்டின் விளிம்பில் துடைத்தார். "நேத்துச் சாயங்காலம்தான் நானே நின்னு புது எண்ணெ ஊத்துனேன். சாமி பாத்ததும் சொல்லிருவீகன்னு பெண்டாட்டிகிட்ட பந்தயம் கட்டாத கொறையாச் சொல்லிட்டு வந்தேன்."

பானெட்டைத் திறந்து அளவுக் கம்பியை உருவினார். துடைக்கத் துணி தேடவில்லை. தன் வெள்ளை வேட்டியிலேயே இழுத்தார். செக்கச்செவேல் என்று ஒரு கோடு விழுந்தது. ஒரு பக்கம் தட்டில் கறுப்பு, இன்னொரு பக்கம் வேட்டியில் சிவப்பு. படிக்கத் தெரியாதவனுக்கும் புரிகிற பாடம்.

சித்தர் சமாளிக்கப் பார்த்தார். வடித்த பிறகுதான் ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றார். அதுதான் பீடத்தின் மகிமை என்றார். பாதிக் கூட்டம் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கியது.

அப்போதுதான் சுபத்ரா வாயைத் திறந்தாள். வடித்திருந்தால் போல்ட்டைத் திருகியிருக்க வேண்டும், போல்ட்டில் தன் நகப்பூச்சுக் கோடு இருக்கிறது, யாராவது ஒருத்தர் குழிக்குள் இறங்கிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

ரெட்டியபட்டி மொக்கையன் இறங்கினார். கார் இல்லாதவர், வரப்போகிற காருக்குக் கயிறு வாங்க வந்தவர். செல்போன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குழிக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"கோடு அப்படியே இருக்கு. மூலையில ரெண்டு கேன் நெறையக் கறுப்பாயிலும் இருக்கு. இது எந்தப் பேயோடதுப்பா?"

தங்கபாண்டி மெதுவாக முள்ளுக்காட்டுப் பக்கம் நடந்தான். பிறகு வேகமாக நடந்தான். பிறகு நடக்கவில்லை, ஓடினான். டோக்கன் நோட்டு வாசலில் விழுந்து காற்றில் புரண்டது. எடுத்துப் புரட்டியவர்கள் தங்கள் தங்கள் ஊரும் வண்டியும் குறையும் தங்கள் வாயால் சொன்னபடியே எழுதியிருப்பதைப் பார்த்தார்கள். முக்காலமும் அதில் நல்ல கையெழுத்தில் இருந்தது.

கூட்டம் சித்தரைச் சுற்றி நெருங்கியது. அவருடைய பொய்ச் சடை கழன்று தோளில் தொங்கியது. அடியில் சுத்தமாகக் கிராப்பு வெட்டிய தலை. பெயர் வீரபத்திரன், வெளியூரில் கார் பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் என்று அவனே சொன்னான். அடி விழும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். ஆனால் பொன்ராஜ், "தொழில் தெரிஞ்ச பயதான? ஒழுங்கா எண்ணெ மாத்திக் குடுத்தே பொழச்சிருக்கலாமே" என்று கேட்டதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பொழைக்கப் பாத்தேன் அண்ணாச்சி. கியர் ஆயில் மாத்தணும், பில்டர் அடைச்சிருக்குன்னு சொன்னா, 'எதுக்குடா, ஏமாத்துறியா'ன்னு பத்துக் கேள்வி கேட்டீக. புதுப் பில்டரத் திருப்பித் திருப்பிப் பாத்தீக. அதே வண்டியில பேய் இருக்குன்னு சொன்னேன். செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தீக. ஒருத்தராச்சும் ஒரு கேள்வி கேட்டீகளா?"

கூட்டத்தில் பலர் குனிந்து தங்கள் செருப்பைத் தேடினார்கள்.

ஆரம்பத்தில் நிஜமாகவே குழிக்குள் எண்ணெய் மாற்றியதாகவும், வண்டிகள் நன்றாக ஓடியதாகவும், அதனால்தான் பேர் பரவியதாகவும் சொன்னான். கூட்டம் சேர்ந்த பிறகு மாற்றுவதற்கு நேரமில்லை, அவசியமும் இல்லை. பில்டரை மட்டும் முதலிலிருந்தே தொட்டதில்லை. அதை மாற்றிவிட்டால் பேய் எப்படித் திரும்பி வரும்?

போலீஸுக்குப் போன் போட்டார்கள். ஜீப் வருகிற வரைக்கும் அவனை அவனுடைய தகரத்துக்கு அடியிலேயே உட்கார வைத்தார்கள். மேலே கேமரா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல்முறையாக ஒரு திருடனை. ராமநாதபுரத்திலிருந்து வந்த ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் போய், கார்ச் சமாச்சாரம் பொய்யாகவே இருக்கட்டும், தன் போர்வெல்லுக்கு ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்டார். மொக்கையன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். வரும் வழியில் தன் கையில் கட்டியிருந்த கயிற்றையும் பல்லால் கடித்து அறுத்தார்.

வண்டியைக் குழிமேல் நிறுத்தியதும் சுபத்ராவிடம் வாங்கிய சாவி திரும்பும்போதும் பொன்ராஜின் சட்டைப் பையில் இருந்தது. கேட்கும்வரை காத்திருக்காமல் எடுத்து நீட்டினார். முகத்தை மட்டும் நீட்டவில்லை. அது காட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஏறுங்க" என்றாள் சுபத்ரா. "நாலு மணிக்குத் திருச்சுழியில எண்ணெ போடணும். உங்கள வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

"நானும் வாரேன்" என்றார் பொன்ராஜ். பின் சீட்டில் சித்தருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த ரெண்டு டின் நல்லெண்ணெய் பத்திரமாக இருந்தது. அதைத் திருச்சுழியில் விற்றுவிடலாம்.

வண்டி குலுங்காமல் கிளம்பியது. கியர் அதுபாட்டுக்கு மாறியது. யார் மாற்றுகிறார்கள் என்று பொன்ராஜ் கேட்கவில்லை. சனிக்கிழமை கழற்றி வண்டியிலேயே போட்டிருந்த பழைய பில்டர் மடியில் இருந்தது, பேப்பரில் சுற்றி. கடைக் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டப் போகிறாராம்; அந்த இடத்தில் அதுவரை தொங்கியது சித்தர் படம்.

இப்போதும் மாட்டித்தான் இருக்கிறது. கறுத்து, அடைத்து, அவலட்சணமாக. கடைக்கு வருகிறவர்கள் என்ன அது என்று கேட்பார்கள். வருஷக்கணக்காக வந்ததையெல்லாம் உள்ளே விட்டுக்கொண்டு, யாரும் கழற்றிப் பார்க்காமலே இருந்த சாமான் என்பார் பொன்ராஜ். வண்டியில் இருந்ததை மாற்ற ஒரு பகல் ஆனது. நம் காதுக்கும் மூளைக்கும் நடுவிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்?